நியாயம் கிடைக்காதவர்களின் பாரதம்

புதுச்சேரியின் தெற்கு எல்லையில், தென்பெண்ணையாற்றின் கரையில் இருக்கிறது சோரியாங்குப்பம். ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். ஆட்சி எல்லை மாறினாலும் பாகூர் கொம்யூனிலும் கடலூர்ப் பக்கத்திலும் ஒரு வழக்கம் மாறுவதில்லை: கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாக ஆடப்படும். மத்தளமும் முகவீணையும் ஓயும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

உட்கார்ந்திருக்கும் யாருக்கும் கதை புதிதல்ல. அதை இன்றைய ஊரோடு கோத்துவிடும் வேலை கட்டியங்காரனுடையது. துரியோதனன் சபைக்குக் கட்டியம் கூற வருகிறவர், இடையிலேயே ரேஷன் அரிசி என்ன ஆயிற்று என்று கேட்பார். சாராயக் கடையைக் கிண்டலடிப்பார். முன்வரிசையில் தூங்குகிறவரை எழுப்பிவிடுவார். சிரிப்பு அடங்குவதற்குள் அஸ்தினாபுரம் திரும்ப வந்துவிடும்.

துகில் உரியும் இரவில் சிரிப்புக்கு இடமில்லை. பாஞ்சாலியின் சேலையைத் தொடுவதற்கு முன்னால் துச்சாதனன் வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்தி, கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வது பல ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், வழக்கம். கடைசி நாள் படுகளம். கோயில் திடலில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் வேடக்காரர் தொடையில் அடிக்க, திரௌபதி அவிழ்த்த கூந்தலை முடிவாள். அந்த மண்ணுருவைத் துடைப்பத்தால் அடிக்கும் பெண்களும் உண்டு. அதன் பக்கத்தில் ஒப்பாரி வைப்பதும் உண்டு. அன்று மாலை தீமிதி.

தமிழ்நாட்டில் பாரதம் படிக்கும் வழக்கத்துக்கு வயது அதிகம். காஞ்சிபுரம் அருகே கூரத்தில் கிடைத்த, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்குகிறது. 9ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, இங்கிருந்த கல்விச்சாலைக்கு 3 ஊர்கள் கொடையாகத் தரப்பட்டதைச் சொல்கிறது. அந்தப் படிப்பு சிலருக்கானது. கூத்து எல்லோருக்குமானது, அதனாலேயே கதையில் யாரைத் தூக்கிவைப்பது என்பதையும் ஊரே முடிவு செய்தது.

ஊர் தேர்ந்தெடுத்தது போரில் ஜெயித்தவர்களை அல்ல. கோயில் திரௌபதிக்கு. தனித் திருவிழா அரவானுக்கு. கூட்டம் கலையாமல் பார்க்கும் கூத்து, கர்ண மோட்சம். மூவருமே கதைக்குள் நியாயம் கிடைக்காதவர்கள்.

பாஞ்சாலி சபையில் கேட்டது சட்டக் கேள்வி: தன்னைத் தோற்ற பிறகு ஒருவன் மனைவியைப் பணயம் வைக்க முடியுமா? பீஷ்மர் உட்பட ஒருவரும் நேராகப் பதில் சொல்லவில்லை. 100 ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு இந்தக் கேள்வியைப் புதுச்சேரியில் ஒருவர் கையில் எடுத்தார். 1908இல் பிரிட்டிஷ் அரசின் பிடிக்குத் தப்பி இங்கு வந்த பாரதி, 1912இல் ‘பாஞ்சாலி சபதம்’ முதல் பாகத்தை வெளியிட்டார். எளிய சொல், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு ஆகியவற்றால் காவியம் செய்கிறவன் தாய்மொழிக்குப் புதிய உயிர் தருகிறான் என்பது முன்னுரையில் அவர் சொன்ன கருத்து. இரண்டாம் பாகம் அவர் மறைவுக்குப் பிறகே அச்சேறியது. அடிமைப்பட்ட நாட்டைத்தான் பாஞ்சாலியாகப் பாடினார் என்று தமிழ் வாசகர்கள் படித்தார்கள். கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று உண்டு. துச்சாதனன் அவளை வீதி வழியே இழுத்துச் செல்லும்போது, தடுக்காமல் நின்று புலம்பிய ஊராரைத்தான் பாரதி கடுமையாக ஏசுகிறார். அந்த ஏச்சு வாசகனுக்கும் சேர்த்துத்தான்.

வங்காளத்தில் மகாசுவேதா தேவி, 1970களில் எழுதிய ‘திரௌபதி’ சிறுகதையில், அந்தப் பெயரைச் சந்தால் பழங்குடிப் போராளி ஒருத்திக்கு வைத்தார். அங்கே சேலை தர எந்தக் கண்ணனும் வருவதில்லை. காவலில் வன்கொடுமைக்கு ஆளானவள், ஆடை உடுத்த மறுத்து அதிகாரியின் எதிரே நிமிர்ந்து நிற்கிறாள். மணிப்பூரில் ஹெய்ஸ்னாம் கன்ஹைலால் 2000இல் இதை நாடகமாக்க, அவர் மனைவி சாபித்ரி மேடையில் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். கண்டனங்கள் எழுந்தன. 2004 ஜூலையில், மனோரமா என்ற இளம்பெண் படையினரால் பிடித்துச் செல்லப்பட்டு இறந்ததைக் கண்டித்து, இம்பால் காங்லா கோட்டை வாயிலில் மணிப்பூர்த் தாய்மார்கள் ஆடையின்றி நின்று போராடினார்கள். நாடகத்தைக் கண்டித்தவர்களுக்கு அப்போது அது வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

அரவானின் கதை இன்னும் நேராக வாழ்க்கைக்குள் வந்தது. பாண்டவர் வெற்றிக்காக அவன் களப்பலியாகும் செய்தி 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் ‘பாரத வெண்பா’விலேயே இருக்கிறது. சாகப்போகிறவனுக்குப் பெண் கொடுக்க ஆளில்லாததால் கண்ணனே மோகினியாகி மணந்தான் என்பது கூத்தும் நாட்டார் கதையும் வளர்த்த பகுதி. அந்த மோகினியிடம் திருநங்கைகள் தங்களைக் கண்டார்கள். சித்திரைப் பௌர்ணமியையொட்டிக் கூவாகத்தில் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் தாலி அறுத்து அழுகிறார்கள். புதுச்சேரியில் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவர் எனப்படும் அரவானுக்குத் திருவிழா உண்டு. மூன்றாம் பாலினத்தவரை அங்கீகரித்து 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வரலாற்றுப் பின்னணியைச் சொல்லுமிடத்தில் அரவானையும் குறிப்பிடுகிறது. கிராமத்துக் கதை ஒன்று டெல்லித் தீர்ப்பில் இடம்பிடித்துவிட்டது.

கர்ணனைச் சினிமா எடுத்துக்கொண்டது. 1964 பொங்கலுக்கு வந்த பி.ஆர்.பந்துலுவின் ‘கர்ணன்’, டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் வந்தபோதும் திரையரங்குகளை நிறைத்தது. 1991இல் மணிரத்னம் ‘தளபதி’யில் கிரீடத்தையும் கவசத்தையும் கழற்றிவிட்டு, கைவிடப்பட்ட குழந்தையையும் செஞ்சோற்றுக்கடனையும் மட்டும் வைத்துக்கொண்டார். தேவராஜுக்காக நிற்கும் சூர்யாவை யாரென்று ரசிகர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2021இல் மாரி செல்வராஜ் எடுத்த ‘கர்ணன்’ அடுத்த படி. 1995இல் கொடியன்குளத்தில் நடந்த காவல்துறைத் தாக்குதலை நினைவுபடுத்தும் அந்தப் படத்தில், ஒடுக்கப்பட்டவர்களின் ஊரில் துரியோதனன் என்ற பெயரில் பெரியவர் இருக்கிறார். காவல்துறை அதிகாரியின் பெயர் கண்ணபிரான். இந்தப் பெயர்கள் உங்களுக்கு எதற்கு என்ற எரிச்சலே அங்கே வன்முறைக்கு ஒரு காரணமாகிறது.

இந்தக் கொடுக்கல் வாங்கலில் வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. 2015 நவம்பரில் பாரிஸில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களையடுத்து, பிரெஞ்சு இயக்குநர் அரியான் முனூஷ்கின் தன் ‘தியாத்ரு து சொலேய்’ குழுவோடு புதுச்சேரியில் தங்கிப் பயிற்சி நடத்தினார். இப்படிப்பட்ட காலத்தில் நாடகத்தால் என்ன ஆகும் என்று தவிக்கும் ஒரு பெண்ணைப் பற்றி 2016இல் ‘இந்தியாவில் ஓர் அறை’ உருவானது. அதற்குள் தெருக்கூத்துக் காட்சிகள் வந்தன. அவற்றைக் கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான். பல நாட்டு நடிகர்கள் தமிழில் பாடி ஆட, அந்த நாடகம் 2017இல் நியூயார்க்கிலும் மேடையேறியது.

கூத்தும் சினிமாவிடமிருந்து வாங்கிக்கொள்கிறது: சினிமா மெட்டுகள் இன்று பல ஜமாக்களின் பாட்டில் கலந்துவிட்டன. ஆனால் ஆடுகிறவரின் பாடு வேறு. எஸ்.ராமகிருஷ்ணன் எழுத, முரளி மனோகர் இயக்கி, தேசிய விருது பெற்ற ‘கர்ண மோட்சம்’ குறும்படம் அவரைப் பற்றியது. பள்ளியில் ஆடச் சென்னைக்கு வரும் கூத்துக்காரர், எதிர்பாராமல் ஆட்டம் நடக்காமல் போக, கர்ணன் வேடத்திலேயே நகரத்தில் கையில் காசின்றி நிற்கிறார். அங்கே உணவுக்கடையில் வேலை செய்யும் சிறுமி ஒருத்திக்குக் கூத்தின் அடவைச் சொல்லிக்கொடுக்கிறார். கோயில் திருவிழாக்கள் நடக்கும் மாதங்களில் கிடைக்கும் பணத்தில் மற்ற மாதங்களையும் ஓட்டவேண்டிய நிலையில்தான், பாகூர்ப் பக்கத்து மேடைகளுக்கு வரும் பல கர்ணன்களும் இருக்கிறார்கள்.