அல்டனேற்றரில் சாவி வைக்குமுன்

ஓடும்போது சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் "அல்டனேற்றர் போய்விட்டது" என்று உடனே முடிவுகட்டி விடுகிறோம். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் பழைய கார் ஒன்றை ஹயர் ஓடிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது சிறிய செலவல்ல. ஆகவே கழற்றுமுன் சற்றுப் பாருங்கள். பெல்ற் தளர்ந்திருக்கலாம். பற்றறி முனைகளில் வெண்பச்சைத் தூள் படிந்திருக்கலாம். எஞ்சின் நிற்கும்போது நல்ல பற்றறி 12.6 வோல்ற் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது 13.8 முதல் 14.4 வரை உயர வேண்டும். உயரவில்லை என்றால்தான் அல்டனேற்றரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் கரித்துண்டுகள் தேய்ந்திருப்பதே காரணமாயின், அவற்றை மட்டும் மாற்றினால் போதும்.

தைனமோ காலத்துப் பழக்கம் ஒன்று இன்னும் சிலரிடம் உண்டு. எஞ்சின் ஓடும்போதே பற்றறி வயரைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். இதை ஒருபோதும் செய்யாதீர்கள். அல்டனேற்றர் பிறப்பிக்கும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றுபவை அதனுள்ளே இருக்கும் டயோட்டுகள். பற்றறி திடீரென விலகினால் வோல்ற் எகிறி அவை கருகிவிடும்.

வேலை தொடங்கும்போது திறப்பை எடுத்துவிட்டால் மின்சாரம் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அல்டனேற்றரின் பின்புறத்துத் தடித்த வயருக்குப் பற்றறியிலிருந்து எந்நேரமும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். உங்கள் சாவி அந்த முனையையும் எஞ்சின் இரும்பையும் ஒருங்கே தொட்டால் சாவி பழுக்கக் காய்ந்துவிடும். விரலில் மோதிரம் இருந்தால் அதுவும் அப்படியே. பற்றறியிலிருந்து வெளிவரும் ஐதரசன் வாயுவில் பொறி பட்டால் பற்றறி வெடித்து அமிலம் கண்ணில் தெறிக்கும். தெறித்தால் நிறையத் தண்ணீரால் நெடுநேரம் கழுவி, வைத்தியரிடம் போக வேண்டும்.

எனவே மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதலில் பற்றறியின் ஏர்த் வயரைக் கழற்றுங்கள். ஏர்த் என்பது வாகனத்தின் உடலோடு பூட்டியிருக்கும் வயர். இன்றைய வாகனங்களில் அது மறை (−) முனை. ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களிலோ நேர் (+) முனையே ஏர்த்! ஆகவே குறியை மட்டும் நம்பாமல், வயர் எங்கே போய்ப் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். இப்படிப்பட்ட காரில் தைனமோவுக்குப் பதிலாக அல்டனேற்றர் பூட்ட விரும்பினால், முழு இணைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை ஓட்டோ எலக்ரீசியனிடம் விடுவதே நல்லது. முனைகள் மாறினால் டயோட்டுகள் அந்தக் கணமே எரியும். பற்றறியை வீட்டுக்குள் கொண்டுபோய் வானொலி கேட்டுவிட்டுத் திரும்பப் பூட்டும்போதும் இதே தவறு நேர்வதுண்டு.

பின்னர் ஒவ்வொரு வயரிலும் வெவ்வேறு நிற நூல் கட்டி, கடதாசியில் படம் கீறிக்கொண்டு கழற்றுங்கள். கீழ்ப் போல்ற்றையும் மேலே இழுவை சரிசெய்யும் போல்ற்றையும் தளர்த்தி, அல்டனேற்றரை எஞ்சின் பக்கமாகத் தள்ளினால் பெல்ற் கழன்றுவிடும். போல்ற்றுகளை எடுக்கும்போது ஒருவர் கீழே தாங்கிப் பிடிக்கட்டும், பாரமான பொருள்.

வாங்கும் அல்டனேற்றரைப் பழையதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். போல்ற் துளைகளும் கப்பியின் பள்ளமும் ஒன்றாக இருக்க வேண்டும். லொறியின் 24 வோல்ற் அல்டனேற்றர் 12 வோல்ற் காருக்கு உதவாது. பூட்டிய பின் மரத்தடியால் நெம்பிப் பெல்ற்றை இறுக்குங்கள். நெம்புகோல் முன்பக்கத்துத் தடித்த பாகத்திலேயே படட்டும், பின்பக்கம் உடைந்துவிடும். இரு கப்பிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தினால் பெல்ற் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் பதிய வேண்டும். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் பெயரிங் கெடும்.

வயர்களைப் படத்தின்படி பூட்டி, ஏர்த் வயரைக் கடைசியாகப் பூட்டுங்கள். பற்றறி அடியோடு இறங்கியிருந்தால் வெளியே சார்ஜ் செய்து கொண்டுவந்து வையுங்கள். வெற்றுப் பற்றறியை நிரப்பும் சுமையில் புதிய அல்டனேற்றர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். திறப்பைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாவிட்டால் அந்தச் சிறு பல்பைப் பாருங்கள். பல வாகனங்களில் அது எரிந்து போயிருந்தால் புதிய அல்டனேற்றரும் சார்ஜ் செய்யத் தொடங்காது. புதுப் பெல்ற் போட்டிருந்தால் சில நாட்களில் சற்றுத் தளரும், மறுபடி ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.