பார்சலில் வந்த கருமுட்டை... இன்குபேட்டரில் வைப்பதற்கு முன் இதைப் படிங்க!

இன்ஸ்டாவில் ஒரு ரீல். சிறுவிடைக் கோழி ஒன்று நடந்து போகிறது, பின்னாலேயே ஆறு குஞ்சுகள். 'கருமுட்டை கிடைக்கும், தமிழ்நாடு முழுக்க பார்சல் அனுப்பப்படும்' என்று கீழே ஒரு போன் நம்பர். அவ்வளவுதான், ஆன்லைனில் ஒரு சின்ன இன்குபேட்டர் ஆர்டர் போட்டாச்சு. முட்டைக்கும் பணம் அனுப்பியாச்சு. ரெண்டே நாளில் பஸ் பார்சலில் 12 முட்டை. பிரித்துப் பார்த்தால் ஒன்றுகூட உடையவில்லை. அப்புறமென்ன, உள்ளே வெச்சு ஸ்விட்ச்சைப் போட வேண்டியதுதானே?

கொஞ்சம் பொறுங்க. முதல்முறை முயற்சி பண்றவங்க பலர் சொதப்புவது இந்த இடத்தில்தான்.

ஓடு உடையலை, உள்ளே?

வேகவைத்த முட்டையை உரிக்கும்போது, அகலமான முனையில் ஒரு சின்னப் பள்ளம் இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? அதுதான் காற்றறை. ஓட்டை ஒட்டியிருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே உருவாகும் இடம். ஓட்டைக் கொத்துவதற்கு முன்னால் குஞ்சு தன் முதல் மூச்சை இழுப்பது இதற்குள்தான்.

பஸ் குலுங்கும்போது, பார்சலை 'தொப்'பென்று இறக்கும்போது, இந்தச் சவ்வு பிரிந்துவிடலாம். அப்போது காற்றுக் குமிழி இடம் மாறி ஓட ஆரம்பிக்கும். வெளியே ஒரு கீறல்கூட தெரியாது.

கண்டுபிடிக்க உங்க மொபைல் டார்ச் போதும். இருட்டான ரூமில், முட்டையின் அகலமான முனையில் டார்ச்சை வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்க. காற்றறை அசையாமல் அதே இடத்தில் இருந்தால் நல்லது. கூடவே நகர்ந்தால் முட்டை அடிபட்டிருக்கிறது. உடனே தூக்கிப் போட வேண்டாம். அது பொரிக்கும் வாய்ப்பு குறைவுதான், ஆனால் இல்லாமல் போய்விடவில்லை. பென்சிலில் ஒரு அடையாளம் போட்டு வையுங்க.

முதல் வேலை ஓய்வு

வந்த முட்டைகளை கூர்முனை கீழே இருக்கும்படி முட்டை ட்ரேயில் அடுக்கி, 12 முதல் 24 மணி நேரம் அப்படியே விட்டுடுங்க. ஃப்ரிட்ஜ் வேண்டாம், வீட்டில் குளுமையான ஒரு மூலை போதும். அழுக்கா இருக்கேன்னு கழுவவும் வேண்டாம். ஓட்டின் மேல் கிருமிகளைத் தடுக்கும் இயற்கையான பூச்சு ஒன்று உண்டு, கழுவினால் அது போய்விடும்.

அந்த ஒரு நாளில் இன்குபேட்டரை காலியாக ஓட்டிப் பாருங்க. ஃபேன் உள்ள மெஷின் என்றால் 37.5 டிகிரி செல்சியஸ். ஃபேன் இல்லாததில், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால் 38.3 முதல் 38.9 வரை. டிஸ்ப்ளேவில் தெரியும் நம்பரை அப்படியே நம்பாமல், தனியாக ஒரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்துச் சரிபாருங்க.

ஆர்டர் போடும்போதே 'எந்தத் தேதியில் இட்ட முட்டை?' என்று கேளுங்க. ஒரு வாரத்தைத் தாண்டினால் பொரிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். கத்தரி வெயில் நேரத்தில் பார்சல் முட்டையே வேண்டாம். பெட்டிக்குள் சூடு ஏறினால், கரு பாதி வழியிலேயே அரைகுறையாக வளர ஆரம்பித்து இறந்துபோகலாம்.

18 நாள் வேலை

அடைக்கோழி முட்டையைத் தன் அலகால் அடிக்கடி புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாமல் விட்டால் கரு உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். மெஷினில் அந்த வேலை உங்களுடையது. ஒரு நாளைக்கு 3 அல்லது 5 முறை. ஒற்றைப்படையில் புரட்டினால்தான், தினமும் ராத்திரி முழுக்க ஒரே பக்கம் மேலே இருக்காது. காற்றறை ஆடும் முட்டைகளை மட்டும் படுக்க வைக்காமல், கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வையுங்க. முதல் ரெண்டு, மூணு நாள் அவற்றைத் தொட வேண்டாம். பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாகச் சாய்த்தால் போதும்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவிகிதம். கரண்ட் போனால் பதறாதீங்க. மூடியைத் திறக்காமல், காற்றுத் துளைகளை அடைக்காமல், மேலே ஒரு போர்வையைப் போர்த்தி விடுங்க. கொஞ்ச நேரம் சூடு குறைவதைவிட, சூடு கூடுவதுதான் பெரிய ஆபத்து.

ஏழாம் நாள் மறுபடியும் டார்ச். சிலந்தி மாதிரி ரத்த நாளங்களும் நடுவில் ஒரு கரும்புள்ளியும் தெரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. தெளிவாக, வெறுமையாக இருந்தால் கரு இல்லை. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால், கரு உருவாகி இறந்துவிட்டது. இவற்றை எடுத்துவிடுங்க. நாம ஃப்ரெண்ட்ஸைத் திட்டப் பயன்படுத்தும் 'கூமுட்டை' இதுதான். விட்டுவைத்தால் அழுகி, உள்ளேயே வெடித்து, மற்ற முட்டைகளையும் கெடுத்துடும்.

கடைசி 3 நாள்: கையைக் கட்டிக்கோங்க!

18-ம் நாளோடு புரட்டுவதை நிறுத்திடுங்க. ஈரப்பதத்தை 65 முதல் 70 வரை ஏற்றி, மூடியை மூடுங்க. அதற்குப் பிறகு திறக்கவே கூடாது. வீடியோ எடுக்கணும்னு ஆசையா இருக்கும். வெளியிலிருந்தே எடுங்க. திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதனால் அசைய முடியாது.

ஓட்டில் முதல் விரிசல் விழும். உள்ளேயிருந்து 'கீச் கீச்' கேட்கும். பிறகு மணிக்கணக்கில் எதுவுமே நடக்காது. 'பாவம், மாட்டிக்கிச்சு போல' என்று ஓட்டை உரிக்கக் கை பரபரக்கும். செய்யாதீங்க! அந்த நேரத்தில் குஞ்சு சும்மா இல்லை. சவ்வின் நாளங்களில் மிச்சமிருக்கும் ரத்தத்தையும், மஞ்சள் கருவையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் கசிந்து இறந்துபோகலாம். விரிசலிலிருந்து வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம்.

வெளியே வந்த பிறகும், இறகு உலர்ந்து பஞ்சு மாதிரி ஆகும்வரை உள்ளேயே இருக்கட்டும். உள்ளிழுத்த மஞ்சள் கரு, ஒரு நாளைக்கு மேலேயே பசி தாங்கும். பிறகு பல்பு போட்ட அட்டைப் பெட்டிக்கு மாற்றி, தீவனமும் தண்ணீரும் வையுங்க. முதல் வாரம் 35 டிகிரி, அடுத்தடுத்த வாரங்களில் சுமார் 3 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை முதல் வாரத்திலேயே கொடுக்கணும், பக்கத்து கால்நடை மருந்தகத்தில் கேளுங்க.

எத்தனை பொரிக்கும்?

பார்சல் முட்டையில் பாதி பொரித்தாலே நல்ல ரிசல்ட். 12-க்கு 6. ஒன்றுகூடப் பொரிக்காமல் போவதும் உண்டு. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் அப்படி நடந்தால், உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம். சில முட்டைகளின் விதி பஸ்ஸிலேயே முடிந்திருக்கும்.

சரி, ஆறும் பொரிச்சிடுச்சு. அதில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். முட்டையைப் பார்த்து எது சேவல், எது பெட்டை என்று சொல்ல முடியாது. நாலைந்து மாதத்தில், விடிவதற்கு முன்பே மூணு சேவலும் போட்டி போட்டுக் கூவும். நீங்க இருப்பது அபார்ட்மென்ட் என்றால் எதிர் ஃப்ளாட்காரர் கதவைத் தட்டுவார். ஊரில் இடம் இருக்கிறதா, வளர்க்க யார் சம்மதிப்பார் என்பதை அப்போது தேட வேண்டாம். வீட்டில் இன்னிக்கே பேசி முடிவு பண்ணிட்டு, அப்புறமா அந்த நம்பருக்கு போன் போடுங்க.