கூடைப்பந்தாட்டப் பந்தயமும் புள்ளிவிபரமும்

விளையாட்டுப் பந்தயத்தை மாநிலங்கள் அனுமதிப்பதைத் தடுத்த 1992ஆம் ஆண்டுச் சட்டத்தை ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 2018இல் நீக்கியது. அதன்பின், தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்க அணிகளின் கணக்குகளைக் கொண்டு பொருளீட்டலாமென எண்ணுவோர் பெருகினர். அவ்வெண்ணத்தின் பொருத்தத்தை ஈண்டு நோக்குவாம்.

அணியின் திறனை ஆட்டமொன்றுக்கான சராசரிப் புள்ளிகளால் அளத்தல் பொருந்தாது. இரு அணிகள் 110 புள்ளிகளே பெறினும், பந்து ஒன்றன் வசம் 98 முறையும் மற்றையதன் வசம் 105 முறையும் வந்திருக்கலாம். நூறு முறைக்கெனக் கணிப்பின் முன்னையது 112, பின்னையது 105. விரைவைத் திறனென மயங்காதிருக்க இவ்வளவை உதவும்.

ஆயின், வெல்லும் அணியைக் கூறுதல் மாத்திரம் போதாது. 2015-16 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 73இல் வென்றது. அதன் வலிமையை அறியாதார் யார்? எனவே பந்தய முகவர் ஒரு புள்ளி வித்தியாசத்தைக் குறிப்பர். வலிய அணி அதனிலும் கூடுதலாக வெல்லுமா என்பதே வினா. மேற்கூறிய அளவைகள் பெரும்பாலும் அவ்வித்தியாசத்துள் முன்னரே அடங்கியுள்ளன. முடிவுகளோ அதிலிருந்து ஏறத்தாழ 12 புள்ளி நியம விலகலுடன் சிதறுகின்றன. தோல்வி உறுதியானபின் மாற்று வீரரொருவர் இடும் பயனற்ற கூடையே பந்தயப் பணத்தைக் கைமாற்றிவிடும்!

முகவரின் ஆதாயமும் உண்டு. வழமையாக 100 டொலர் வெல்வதற்கு 110 டொலர் வைத்தல் வேண்டும். ஆதலின் இழப்பின்றி நிற்பதற்கே 52.4 சதவீத வெற்றி தேவை. அத்தகைய ஆயிரம் பந்தயங்களிற் பாதியை வென்றவர் 5,000 டொலர் இழப்பர். 530ஐ வென்றவரின் திறனையும் உடன் நம்புதற்கில்லை. நாணயத்தைச் சுண்டித் தெரிபவரும் அத்தொகையை எட்டுவதற்கு ஏறத்தாழ 3 சதவீத நிகழ்தகவு உண்டு.