கண்டி – மலைநாட்டின் மதிலும் வாயிலும்



"கண்டி நகரின் முக்கியத்துவத்தை விளக்குக" என்று வினா வந்தால், உங்களில் பலர் தலதா மாளிகை, பெரஹரா, பேராதனைப் பூங்கா என்று எழுதி முடித்துவிடுகிறீர்கள். இவை பிழையல்ல. ஆயினும் இந்நகரம் ஏன் வளர்ந்தது என்ற கேள்விக்கு இவற்றில் விடை இல்லை.

இலங்கைத் தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். தாழ்நிலம் முடிந்து மத்திய மலைநாடு தொடங்கும் எல்லையில், ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மகாவலி கங்கை வளைந்தோடும் இடத்தில் கண்டி அமைந்துள்ளது. இந்த எல்லை ஒரு காலத்தில் மதிலாக இருந்தது; பின்னர் வாயிலாக மாறியது. இதை விளங்கிக்கொண்டால் எந்த வினாவுக்கும் விடை எழுதலாம்.

1. மதிலாக இருந்த காலம்

கண்டி இராச்சியத்துக்கு மலை, காடு, ஆறு ஆகிய மூன்றும் இயற்கை அரண்களாக விளங்கின. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் படையெடுத்தும் இங்கு நிலைத்து ஆள முடியவில்லை. எதிரி எளிதில் வரக்கூடாது என்பதற்காக அகலமான பாதைகள் அமைக்கப்படவில்லை. நுழைவிடங்களில் 'கடவத்தை' எனப்படும் காவலிடங்கள் இருந்தன.

இதனால் வர்த்தகம் பொதிமாடுகளில் நடந்தது. இம்மாட்டு வரிசை 'தவளம்' எனப்பட்டது. முஸ்லிம் வணிகர்கள் இதில் முக்கிய பங்கு வகித்தனர். பாக்கும் மிளகும் கீழே இறங்கின. உப்பும் கருவாடும் புடைவையும் மேலே ஏறின.

இங்கேதான் இராச்சியத்தின் பலவீனம் இருந்தது. மலையில் நெல் விளையும், உப்பு விளையாது. 1766 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமானது. கண்டி மக்கள் புத்தளம், சிலாபம் போன்ற இடங்களில் உப்பு எடுப்பதற்கும் அந்த ஒப்பந்தத்தின் அனுமதி தேவைப்பட்டது. காத்த மதிலே கடலையும் மறைத்தது.

2. வாயிலாக மாறிய காலம்

1815 இல் கண்டி பிரித்தானியர் வசமானது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820 இல் கொழும்பு – கண்டி வீதி வேலை தொடங்கியது. படைகளை விரைவாக அனுப்புவதே முதல் நோக்கம். பின்னர் அதே வீதியில் கோப்பி மூடைகள் மாட்டுவண்டிகளில் இறங்கின. வண்டிப் பயணம் மெதுவானது, செலவும் அதிகம். எனவே தோட்டத்துரைமார் புகையிரதப் பாதை கேட்டனர். 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. 1874 இல் நாவலப்பிட்டிக்கும், 1880 இல் மாத்தளைக்கும் பாதை நீண்டது.

கவனிக்க: "கண்டிக்குப் புகையிரதம் தேயிலைக்காக வந்தது" என்று எழுதாதீர்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்டதும் அதே 1867 இல்தான். பாதை கோப்பிக்காகப் போடப்பட்டது. 1869 இல் கண்டறியப்பட்ட இலைநோயால் கோப்பி அழிந்தபின், அப்பாதையைத் தேயிலை பயன்படுத்தியது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியாலும் கொலராவாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். மூடைகளுக்கு வண்டி கிடைத்தது. அவற்றை நிரப்பியவர்களுக்குக் கால்களே வண்டி.

3. கனியங்கள்

"கண்டியில் காரீயச் சுரங்கம் உண்டு" என்பது மாணவர் அடிக்கடி விடும் பிழை. போகல சுரங்கம் கேகாலை மாவட்டத்திலும், கஹட்டகஹ சுரங்கம் குருநாகல் மாவட்டத்திலும் உள்ளன. கண்டி மாவட்டத்தில் நீங்கள் குறிப்பிட வேண்டியது திகனவில் கிடைக்கும் டொலமைற்று. இது தேயிலை மண்ணின் அமிலத்தன்மையைக் குறைக்க இடப்படுகிறது. நிலத்தடிக் கல்லுக்கும் நிலத்தின் மேல் நிற்கும் தேயிலைக்கும் உள்ள இத்தொடர்பை எழுதினால் விடை சிறக்கும்.

4. இன்றைய நிலை

கொழும்பிலிருந்து வரும் ஏ1 வீதி கண்டியில் முடிகிறது. யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி கண்டியில் தொடங்குகிறது. மகியங்கனை, குருநாகல், நுவரெலியா வீதிகளும் இப்பகுதியில் சந்திக்கின்றன. எனவே மரக்கறியும் வாசனைத் திரவியங்களும் இங்கு வந்து பிரிகின்றன. ஆனால் நகரைச் சுற்றி மலை இருப்பதால் நுழையும் வழிகள் சில மட்டுமே. 1988 இல் உலக மரபுரிமை நகரமாக அறிவிக்கப்பட்டதால், நகர மையத்தின் பழைய கட்டடங்களை இடித்து வீதியை அகலிப்பதும் எளிதல்ல. அன்று எதிரியைத் தடுத்த மலை, இன்று பஸ் வண்டியைத் தடுக்கிறது!

விடை எழுதும் முறை: ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் "ஏன்?", "அதனால் என்ன?" என்று கேட்டு ஒரு வாக்கியம் சேருங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கண்டி இராச்சியத்தில் அகலமான பாதைகள் அமைக்கப்படாமைக்குக் காரணம் தருக.
2. 1766 ஆம் ஆண்டு ஒப்பந்தம் கண்டியின் வர்த்தகத்தைப் பாதித்தவாறினை விளக்குக.
3. "கோப்பி போட்ட பாதையில் தேயிலை பயணித்தது." இக்கூற்றை ஆராய்க.