5 மில்லி நொடி செய்யும் வேலை

கோடை தொடங்கியதும் வீட்டுக்கு வீடு கேட்கிற புகார் இது: ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் வரவில்லை. ரெகுலேட்டரைக் கடைசி எண்ணில் வைத்தாலும் இரண்டில் வைத்த மாதிரியே ஓடுகிறது. வேறு சில வீடுகளில் சுவிட்சைப் போட்டால் ஓர் உறுமல் மட்டும் கேட்கும், இறக்கை அசையாது. குச்சியால் லேசாகத் தள்ளிவிட்டால் மெல்ல வேகம் பிடித்து ஓடத் தொடங்கும். எலக்ட்ரீஷியன் வருவார், ஏணி போட்டு ஏறுவார், கப்பை இறக்கிவிட்டு, விரல் நீளம் உள்ள ஓர் உருளையை மாற்றிவிட்டு இறங்கிவிடுவார். “கன்டென்சர் போயிருந்துச்சு சார், மாத்தியாச்சு.”

நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் இந்தப் பழுதுக்குள் இரண்டு நூற்றாண்டு இயற்பியல் இருக்கிறது. நன்றாக ஓடுகிற ஃபேனைப் பார்த்து அதை யாரும் கற்றுக்கொள்ள முடியாது. எல்லாம் சரியாக நடக்கும்போது இயந்திரம் தன் சூட்சுமத்தை மூடி வைத்திருக்கும். பழுதானால்தான் எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று அது வெளியே சொல்லும். வீட்டுப் பழுதுகளைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பதன் ருசியும் அதுதான்.

திசை தெரியாத காந்தம்

கன்டென்சர் முற்றிலும் செயலிழந்த ஃபேனில் ஒரு வினோதம் உண்டு. குச்சியால் வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கமாக ஓடும். இடப்பக்கம் தள்ளினால் அதே மின்சாரத்தில், அதே வயரில், இடப்பக்கமாக ஓடும். அந்த மோட்டாருக்குச் சுற்றத் தெரிகிறது, எந்தப் பக்கம் சுற்றுவது என்பதுதான் தெரியவில்லை.

காரணம், நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. கம்பிச் சுருளில் பாயும் மின்னோட்டம் ஒரு நொடியில் 100 முறை திசை மாறுகிறது. அந்தச் சுருள் உண்டாக்கும் காந்தப்புலமும் கூடவே வளர்ந்து, தேய்ந்து, திரும்பி வளர்கிறது. ஆனால் எல்லாம் ஒரே கோட்டில்தான். அது துடிக்கிறதே தவிர, சுற்றுவதில்லை.

மிதிக்கும் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. கால் மிதி மேலும் கீழும்தான் போகிறது. ஒரேயடியாக மிதித்தால் சக்கரம் முன்னாலும் ஓடலாம், பின்னால் ஓடி நூலையும் அறுக்கலாம். சில நிலைகளில் எவ்வளவு மிதித்தாலும் நகரவே நகராது. அதனால்தான் தைப்பவர் முதலில் கைச்சக்கரத்தைத் தன் பக்கமாக ஒரு சுண்டு சுண்டிவிட்டு, பிறகு மிதிக்கிறார். திசையைக் கை கொடுக்கிறது, ஓட்டத்தைக் கால் கொடுக்கிறது. கன்டென்சர் போன ஃபேனுக்குக் குச்சி செய்வது அந்தக் கையின் வேலை.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். ஒரே கோட்டில் துடிக்கும் காந்தப்புலம் என்பது எதிரெதிர் திசைகளில் சுற்றும் இரண்டு சம வலிமைப் புலங்களின் கூட்டு. நின்றுகொண்டிருக்கும் ஃபேனை அவை இரண்டும் சமமாக இழுப்பதால் அது நின்ற இடத்திலேயே உறுமுகிறது. ஒரு பக்கம் அசைந்துவிட்டால் அந்தப் பக்கத்துப் புலத்தின் பிடி கூடிவிடும், மற்றது தளர்ந்துவிடும்.

செம்புத் தட்டிலிருந்து தூரின் நகரம் வரை

சுழலும் காந்தப்புலம் ஓர் உலோகத்தை இழுத்துச் சுழற்றும் என்பதற்கான முதல் தடயம் 1824-25இல் கிடைத்தது. பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் பிரான்சுவா அரகோ ஒரு செம்புத் தட்டைச் சுழற்றினார். அதற்கு மேலே தொங்கிய காந்த ஊசியும் கூடவே சுழன்றது. செம்பைக் காந்தம் இழுக்காது. அப்படியிருக்க, எது ஊசியை இழுத்தது? 1831இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தபோது விடை கிடைத்தது. காந்தத்துக்கு அருகே நகரும் செம்பில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது, அந்த மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, அதுதான் ஊசியைப் பற்றி இழுக்கிறது.

1879இல் வால்டர் பெய்லி என்பவர் லண்டன் இயற்பியல் சங்கத்தில் ஒரு சிறு கருவியை இயக்கிக் காட்டினார். நான்கு மின்காந்தங்களுக்கு மேலே ஒரு செம்புத் தட்டு. பேட்டரி மின்சாரத்தைக் கையால் திருப்பும் ஒரு மாற்றி வழியாக அந்தக் காந்தங்களுக்கு முறைவைத்து அனுப்பினார். காந்தம் எதுவும் நகரவில்லை, தட்டு சுழன்றது.

கை வைக்காமலே அந்த முறைவைப்பை நடத்த முடியும் என்று காட்டியவர்களில் ஒருவர் இத்தாலியின் தூரின் நகரப் பேராசிரியர் கலிலியோ ஃபெர்ராரிஸ். இரண்டு சுருள்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்தி, இரண்டுக்கும் மாறுதிசை மின்சாரம் கொடுத்து, ஒன்றைவிட மற்றொன்று சற்றுத் தாமதமாகத் துடிக்கும்படி செய்தார். நடுவே தொங்கிய செம்பு உருளை சுழலத் தொடங்கியது. 1885இல் செய்த இந்தச் சோதனையை 1888இல் வெளியிட்டார். பெரிய வேலைக்கு உதவும் மோட்டாராக இது ஆகாது என்று கருதிக் காப்புரிமைகூட எடுக்கவில்லை. அதே 1888ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி, தானாகவே இந்த வழிக்கு வந்து சேர்ந்திருந்த நிகோலா டெஸ்லாவுக்கு அமெரிக்கக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. தொழிற்சாலை மோட்டார்கள் அந்த வழியில் வளர்ந்தன.

நம் தலைக்கு மேலே ஓடுவதும் அதே ஏற்பாடுதான். சீலிங் ஃபேனில் நடுப்பகுதி அசையாது, வெளிக்கூடுதான் சுற்றும். நடுவே நிற்கும் இரும்புத் தகட்டு அடுக்கில் இரண்டு தொகுதிச் சுருள்கள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் அவற்றை ரன்னிங் காயில், ஸ்டார்ட்டிங் காயில் என்பார்கள். சுற்றும் கூட்டுக்கு ஒரு வயர்கூடப் போவதில்லை. அதற்குள் அலுமினியக் கம்பிகளால் ஆன ஒரு வளையம் பதிந்திருக்கிறது. பெய்லியின் செம்புத் தட்டுக்கு நேர்ந்ததுதான் அதற்கும் நேர்கிறது: காந்தப்புலம் சுழல, உலோகம் பின்தொடர்கிறது.

பின்தொடர்கிறது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 14 துருவங்கள் கொண்ட ஃபேனில் காந்தப்புலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 428 முறை சுற்றும். ஃபேன் ஒருபோதும் அந்த எண்ணைத் தொடாது. தொட்டுவிட்டால் புலத்துக்கும் உலோகத்துக்கும் இடையே நகர்வு இல்லாமல் போகும். நகர்வு இல்லையேல் தூண்டல் இல்லை, தூண்டல் இல்லையேல் விசை இல்லை. எப்போதும் கொஞ்சம் பின்தங்கி இருப்பதால்தான் அது ஓடவே முடிகிறது.

கால் சுழற்சி முந்துவது

வீட்டுக்கு வருவதோ ஒரே ஃபேஸ் மின்சாரம். அதிலிருந்து முன்பின்னாகத் துடிக்கும் இரண்டு மின்னோட்டங்களை எப்படி எடுப்பது? இங்கேதான் கன்டென்சர் வருகிறது.

கம்பிச் சுருள் மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும். ஆகவே அதில் பாயும் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பிந்தியே வரும். கன்டென்சரின் இயல்பு இதற்கு எதிர். மின்னோட்டம் பாய்ந்து அது நிரம்ப நிரம்பத்தான் அதன் மின்னழுத்தம் உயரும் என்பதால், அதில் மின்னோட்டம் மின்னழுத்தத்தை முந்திக்கொள்ளும். ஸ்டார்ட்டிங் காயிலோடு ஒரு கன்டென்சரைத் தொடராக இணைத்தால், அந்தச் சுருளின் துடிப்பு மற்றதைவிட ஏறத்தாழ கால் சுழற்சி முந்திவிடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுழற்சிக்கு 20 மில்லி நொடி. கால் பங்கு என்றால் 5 மில்லி நொடி.

அந்த உருளை செய்யும் வேலை இவ்வளவுதான். ஒரு சுருளை மற்றதற்கு 5 மில்லி நொடி முன்னால் துடிக்க வைக்கிறது. அதனால் புலம் ஒரு சுருளிலிருந்து அடுத்த சுருளுக்கு நகர்ந்தபடி சுழல்கிறது, ஃபேனுக்குத் திசை பிறக்கிறது. வயரை மாற்றி, கன்டென்சரை மற்றச் சுருளோடு சேர்த்துவிட்டால் முந்துவது பிந்தும், ஃபேன் தலைகீழாகச் சுற்றும். புது ஃபேன் மாட்டியதும் காற்று கீழே வராமல் கூரையை நோக்கிப் போனால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இணைப்பைத்தான்.

பிரித்துப் பார்த்தால்

போன கன்டென்சரைத் தூக்கி எறியாமல், எங்கள் நண்பர் குழு மொட்டை மாடியில் வைத்து ஆக்சா பிளேடால் அறுத்துப் பார்த்தது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் பிசின் கெட்டியாக இறுகியிருந்தது. அதைப் பெயர்த்து எடுத்தால் உள்ளே இறுகச் சுற்றிய ஒரு சுருள். நுனியைப் பிடித்து இழுத்தால் வெள்ளி போலப் பளபளக்கும் நாடா வந்துகொண்டே இருக்கிறது.

அது பாலிப்ரொப்பிலீன் படலம். வாளிக்கும் நாற்காலிக்கும் பயன்படும் அதே வகைப் பிளாஸ்டிக். இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா 1954இல் ஒழுங்கான அமைப்பில் உருவாக்கியது, அவருக்கு 1963இன் நோபல் பரிசில் பங்கு தந்தது. கன்டென்சரில் அதன் தடிமன் சில மைக்ரான்தான். 6 மைக்ரான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 2.5 மைக்ரோஃபாரட் கொள்ளளவுக்கு முக்கால் சதுர மீட்டர் படலம் வேண்டும். 3 சென்டிமீட்டர் அகல நாடாவாக நறுக்கினால் 25 மீட்டர் நீளம்! அத்தனையும் ஒரு விரலுக்குள் சுருண்டிருக்கிறது. பளபளப்புக்குக் காரணமான அலுமினிய, துத்தநாகப் பூச்சு அதைவிட மெல்லியது, சில பத்து நானோமீட்டர் மட்டுமே.

நாடாவை வெயிலுக்கு எதிரே பிடித்தபோது அதில் ஆங்காங்கே வெளிச்சம் ஊடுருவும் புள்ளிகள் தெரிந்தன. “மச்சான், ஒரே ஓட்டையா இருக்கே. இதனாலதான் போச்சா?” என்று கேட்டான் நண்பன். உண்மை அதற்கு நேர்மாறு. அத்தனை நாள் அந்த ஃபேனைக் காப்பாற்றியவை அந்தப் புள்ளிகள்தான்.

படலத்தில் எங்காவது பலவீனமான இடம் இருந்தால், மின்னழுத்தம் ஏறும்போது அந்த இடம் துளைபட்டு மின்சாரம் பாயும். சாதாரணமாக அதோடு ஷார்ட் ஆகிக் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பூச்சு அவ்வளவு மெல்லியதாக இருப்பதால், அங்கே எழும் வெப்பத்தில் துளையைச் சுற்றியுள்ள உலோகம் மைக்ரோ நொடிக் கணக்கில் ஆவியாகிவிடுகிறது. துளையைச் சுற்றி உலோகமற்ற ஒரு வட்டம் மிஞ்சுகிறது. மின்சாரம் அங்கே இனி எட்ட முடியாது. கன்டென்சர் தன்னைத்தானே ஆற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறது. மேலே ஓடும் ஃபேன் கொஞ்சம்கூடத் தடுமாறாது.

ஒவ்வொரு முறை ஆறும்போதும் பூச்சின் பரப்பு கொஞ்சம் குறைகிறது, கூடவே கொள்ளளவும் குறைகிறது. கூரையருகே தேங்கும் வெப்பமும் ஏறி இறங்கும் வோல்டேஜும் இதை விரைவுபடுத்தும். 2.5 என்று அச்சிட்ட உருளை மல்டிமீட்டரில் 2க்குக் கீழே காட்டினால், ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போகும் மின்னோட்டம் குறைந்திருக்கிறது, சுழலும் புலத்தின் பிடி தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஃபேன் திடீரென நிற்காமல் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வேகம் இழப்பது இதனால்தான்.

இரண்டு பேராகச் செய்ய வேண்டிய வேலை

தெரிந்துகொண்டபின் செய்வது எளிது. ஆனால் செய்யும் முறை முக்கியம். சுவர் சுவிட்சை அணைத்தால் போதாது. சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள், அணைத்த பிறகும் ஃபேனில் மின்சாரம் நிற்கும். எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்துவிட்டு, பிறகு ஏறுங்கள். கன்டென்சரில் மிச்ச மின்சாரம் தங்கியிருக்கலாம். அதன் இரு முனைகளையும் ஒரு டெஸ்ட் லேம்ப் வழியாகச் சேர்த்து அதை வடித்துவிடுங்கள். வயரைக் கழற்றுமுன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏணியைப் பிடிக்கக் கீழே ஒருவர் கட்டாயம் வேண்டும்.

மாற்றும் கன்டென்சரில் பழையதன் எண்ணே இருக்க வேண்டும். இரண்டு சுருள்களும் கன்டென்சரும் சேரும்போது அதன் முனைகளில் 230 வோல்ட்டைவிட அதிக அழுத்தம் எழும், அதனால்தான் அதில் 440 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. 2.5க்குப் பதில் 3.15 போட்டால் ஃபேன் பறக்கும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். புலத்தின் வேகம் துருவங்களின் எண்ணிக்கையாலும் 50 ஹெர்ட்ஸாலும் தீர்மானமாகிறது, கன்டென்சரால் அதைக் கூட்ட முடியாது. ஸ்டார்ட்டிங் காயிலில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து வைண்டிங் சூடாவதுதான் மிஞ்சும்.

இந்த மாதிரி அறிவு ஆள்விட்டு ஆள் கைமாறித்தான் வளர்கிறது. நெதர்லாந்தில் மார்ட்டினே போஸ்ட்மா 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ‘ரிப்பேர் கஃபே’ என்ற கூடுகையைத் தொடங்கினார். பழுதான பொருளோடு வருபவர், பழுதுபார்க்கத் தெரிந்தவருடன் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்வார். அந்த யோசனை இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. ஸ்பேனரையும் சால்டரிங் அயர்னையும் இரவல் வாங்கிக்கொள்ளும் எந்த நண்பர் குழுவும் அதே காரியத்தைத்தான் செய்கிறது.

அந்தக் கூட்டுறவு இனி இன்னும் தேவைப்படும். புதிதாக வரும் பி.எல்.டி.சி. ஃபேன்களில் இந்தக் கன்டென்சர் இல்லை. சுற்றும் கூட்டில் நிலைக்காந்தங்கள், உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு. எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் என்பதைச் சிப் முடிவுசெய்கிறது. 1879இல் பெய்லி கையால் திருப்பித் திருப்பிச் செய்த முறைவைப்பைத்தான் அது மின்னணு வேகத்தில் செய்கிறது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் ஓடுகிறது, வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் போர்டு போய்விட்டால் நூறு ரூபாய் உருளையை மாற்றுவது போல மாற்ற முடிவதில்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காக ஒரு குழு அமைத்தது. உதிரி பாகமும் சர்க்யூட் வரைபடமும் வாங்கியவர் கைக்கு எட்டினால்தான் அந்த உரிமைக்கு அர்த்தம் உண்டு. புது ஃபேன் வாங்கும்போது விலையோடும் ஸ்டார் எண்ணிக்கையோடும் நிறுத்திக்கொள்ளாமல், போர்டு தனியாகக் கிடைக்குமா என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியிடம் கேட்பார்.