பத்து மைக்ரானும் ஒரு கேன் பெட்ரோலும்

இன்னொரு டீ சொல்லிவிடு தம்பி, இது ஒரு டீயில் முடிகிற பேச்சு இல்லை. நீ கேட்டது சின்னக் கேள்விதான்: “அண்ணே, கம்பெனி ஃபில்டரைக் கழற்றிவிட்டு நல்லதா ஒண்ணு போடலாமா?” தாராளமாகப் போடலாம். ஆனால் குப்பை எங்கிருந்து வருகிறது, பெட்ரோல் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் போட்டால் காசுதான் போகும், கோளாறு போகாது.

கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தை முதலில் ஒதுக்கி வை. அதில் பெட்ரோல் தன் எடையிலேயே கீழே இறங்கும். கொஞ்சம் குப்பை போனாலும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் படிந்து கிடக்கும். ஜெட் அடைத்துக்கொண்டால் மரத்தடியில் உட்கார்ந்து கழற்றி, வாயால் ஊதி, மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். மோட்டோகிராஸ் பைக்குகளில் இந்தக் கதையை 2008 மாடல் சுஸூகி ஆர்எம்-இசட்450 முடித்துவைத்தது. ஹோண்டாவும் யமஹாவும் அடுத்தடுத்து வந்தன. டூ ஸ்ட்ரோக்கில் கார்புரேட்டரை யாராலும் அசைக்க முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் முன்னால், 2018 மாடலில் கேடிஎம் அதையும் மாற்றியது. நம் ஊரில் மண்பாதைக்குப் போகிறவர்கள் அதிகம் ஓட்டும் எக்ஸ்பல்ஸ் 200, ஹிமாலயன் எல்லாம் இப்போது இன்ஜெக்‌ஷன் வண்டிகள்தான்.

இன்ஜெக்‌ஷனில் பெட்ரோலின் பயணத்தைக் கொஞ்சம் பார். டேங்குக்குள்ளேயே மின்சார பம்பு மூழ்கிக் கிடக்கிறது. அது உறிஞ்சும் வாயில் ஒரு வலை. பம்பைத் தாண்டியதும் ஒரு ஃபில்டர். அதன் பிறகு அழுத்தத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் ரெகுலேட்டர். மிஞ்சுகிற பெட்ரோலை அது டேங்குக்குள்ளேயே திருப்பிக் கொட்டிவிடும். பல வண்டிகளில் இவை எல்லாம் ஒரே தொகுப்பாக இருக்கும். அங்கிருந்து ஒரு ஹோஸ் வெளியே வந்து இன்ஜெக்டருக்குப் போகிறது. கேடிஎம் எண்டியூரோ வண்டிகளில் அந்த வழியில் பட்டென்று கழற்றி மாட்டும் ஒரு இணைப்பு உண்டு. அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவில் இன்னொரு குட்டி ஃபில்டர். கடைசியாக இன்ஜெக்டரின் வாயிலேயே ஊசிக்கண் போல ஒரு வலை.

இந்த வரிசையில் ரெகுலேட்டர் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். அதற்குப் பிறகு வரும் குட்டி ஃபில்டர் அடைத்துக்கொண்டால் ரெகுலேட்டருக்கு அது தெரியாது. தன் இடத்தில் அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அது நிம்மதியாக இருக்கும். இன்ஜெக்டர் பக்கம்தான் பட்டினி. அதுவும் எப்போதும் இல்லை. ஐட்லிங்கில் இன்ஜின் குடிப்பது சொட்டுச் சொட்டாக. பாதி அடைத்த ஃபில்டரும் அதற்குப் போதும். மேட்டில் முழு த்ராட்டில் கொடுக்கும்போதுதான் பெட்ரோல் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது, அப்போதுதான் அடைப்பு அழுத்தத்தைத் தின்கிறது. அதனால்தான் ஷெட்டில் நிறுத்தி ரேஸ் பண்ணினால் வண்டி பாட்டுப் பாடும். மணல்மேட்டில் ஏறும்போது வெட்டும். மெக்கானிக் கேஜ் மாட்டி, நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டு “பிரஷர் பக்கா” என்று சொன்னால் அவரைக் குறை சொல்லாதே. நின்ற இடத்தில் பக்காதான்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்த வண்டிகளில் அழுத்தம் சுமார் 3 முதல் 3.5 பார் வரை. இன்ஜெக்டரை எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று இன்ஜினின் கணினியான இசியூ கணக்குப் போடுவது அந்த அழுத்தம் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் பெட்ரோல் 10 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். போட்டி வண்டிகள் பலவற்றில் ஆக்ஸிஜன் சென்சார் கிடையாது. குறைந்ததை யாரும் கண்டுபிடித்துச் சரிசெய்யப் போவதில்லை. பெட்ரோல் குறைந்து கலவை லீனாகி இன்ஜின் சூடேறும். கார்புரேட்டர் அடைத்தால் வண்டி நின்றுவிடும், நமக்கும் தெரிந்துவிடும். இங்கே வண்டி ஓடிக்கொண்டே கெடும். எனக்குப் பிடிக்காதது அதுதான்.

ஆனால் வெட்டினால் உடனே ஃபில்டர் என்று முடிவு கட்டாதே. டேங்க் மூடியின் காற்றுக்குழாயில் சேறு அடைத்திருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். வெட்டும்போது நிறுத்தி மூடியைத் திற. “உஸ்” என்று காற்று உள்ளே போய், பிறகு வண்டி ஒழுங்காக ஓடினால் அந்தக் குழாயைச் சுத்தம் செய்தால் போதும், செலவே இல்லை. பேட்டரி சோர்ந்திருந்தாலும் பம்பு சோர்ந்துவிடும், அதையும் பார்த்துவிடு.

சரி, குப்பை எங்கிருந்து வருகிறது? முக்கால்வாசி நாமே ஊற்றுவது. காட்டோரம் கேனைத் திறந்து, தூசி படிந்த புனலை வைத்து ஊற்றுகிறோம். லடாக் பக்கம் போகிறவர்கள் கேன்களைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்தக் கேனுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் என்னைக் கேட்டால் முதல் அப்கிரேட் டேங்கின் வாயில்தான். மூடியைத் திறந்ததும் உள்ளே தொங்கும் பை போன்ற வலை சில மாடல்களுக்குக் கிடைக்கிறது. மண், இலைத்துணுக்கு, கேன் மூடியின் பிளாஸ்டிக் சீவல் எல்லாம் அதிலேயே நின்றுவிடும். கழற்றி, பெட்ரோலில் அலசி, திரும்ப மாட்டலாம். நம் வண்டிக்கு அது கிடைக்காவிட்டால் வலை வைத்த நல்ல புனலும், மூடியை ஒழுங்காக மூடிவைத்த சுத்தமான கேனும் போதும்.

அடுத்து, டேங்கைத் தூக்கும் நேரம். ப்ளக், வால்வ் பார்க்க டேங்கைக் கழற்றும்போது இணைப்பைப் பிரிக்கிறோம். பிரித்த வாயைத் திறந்தபடி விட்டால் அதில் ஒட்டும் மண் நேரே இன்ஜெக்டர் பக்கம் போகும். கேடிஎம்காரர்கள் அந்த இடத்திலேயே குட்டி ஃபில்டரை வைத்ததற்கு அர்த்தம் இருக்கிறது. பிரிப்பதற்கு முன் சுற்றி இருக்கும் சேற்றைத் துடை, பிரித்ததும் இரண்டு வாயையும் மூடு. சுத்தமான பிளாஸ்டிக் பையும் ரப்பர் பேண்டும் போதும்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பெட்டியில் “10 மைக்ரான்” என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். 10 நல்ல அளவுதான், ஆனால் அந்த எண் பாதிக் கதை. ‘நாமினல்’ என்று இருந்தால் அந்த அளவுத் துகள்களில் பெரும்பகுதியை நிறுத்தும். ‘அப்சல்யூட்’ என்று இருந்தால் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறுத்தும். எண்ணை விட முக்கியம் பரப்பளவு. அதோ, மாஸ்டர் கையில் இருக்கும் டீ வடிகட்டியைப் பார். அதே துணியைக் கட்டைவிரல் அகலத்துக்குத் தைத்துக் கொடுத்தால் நாலாவது டீயிலேயே தூள் அடைத்துக்கொள்ளும். துணி மாறவில்லை, இடம்தான் குறைந்தது. ஃபில்டரும் அப்படித்தான். அளவு நுணுக்கமாக ஆக, பரப்பும் கூட வேண்டும். அதனால்தான் நல்ல ஃபில்டருக்குள் காகிதமோ ஸ்டீல் வலையோ மடிப்பு மடிப்பாக வைக்கப்பட்டிருக்கும். அந்தக் குட்டி ஃபில்டருக்குப் பதிலாக வழியில் மாட்டும், கழற்றிக் கழுவக்கூடிய ஸ்டீல் வலை ஃபில்டர்கள் விற்கின்றன. அடிக்கடி மண்ணில் ஓட்டுகிறவனுக்கு அது உருப்படியான செலவு. மாதம் ஒருமுறை தோட்டத்துப் பக்கம் போய் வருகிறவனுக்குக் கம்பெனி ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினாலே போதும்.

காகித ஃபில்டரைக் கழுவாதே, கம்ப்ரஸரில் ஊதவும் ஊதாதே. அது குப்பையைத் தன் தடிமனுக்குள் பிடித்து வைப்பது. ஊதினால் நார் கிழியும். கிழிந்த ஃபில்டரை விட அடைத்த ஃபில்டரே மேல்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. பழைய கார்புரேட்டர் ஸ்ப்ளெண்டருக்குப் போடுகிற, உள்ளே பெட்ரோல் தெரியும் பிளாஸ்டிக் ஃபில்டரை இன்ஜெக்‌ஷன் வண்டியின் ஹோஸில் சொருகவே கூடாது. அது தன் எடையில் இறங்கும் பெட்ரோலுக்குச் செய்தது. 3 பாரில் விரிசல் விட்டால் பெட்ரோல் பீச்சியடிக்கும். பக்கத்திலேயே சைலன்ஸர் கொதிக்கிறது. ஹோஸும் இன்ஜெக்‌ஷனுக்கு உரியதாக இருக்க வேண்டும்: ஜே30ஆர்9 என்று அச்சடித்திருக்கும். டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு அதுவும் ஆகாது. ஆர்9 உள்பக்கம்தான் பெட்ரோலைத் தாங்கும். மூழ்குவதற்கு ஆர்10 வேண்டும். விலை கூடத்தான். பம்பு ஃபில்டரை மாற்றிவிட்டு, கைக்குக் கிடைத்த ஹோஸை உள்ளே மாட்டுகிற இடத்தில்தான் பல வண்டிகள் திரும்ப வருகின்றன. அது ஊறி, வெடித்து, உள்ளேயே கசிந்தால் அழுத்தம் போய்விடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு இதெல்லாம் கூடுதல் முக்கியம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும், பம்பின் வாய் இருப்பதும் அங்கேதான். பழைய டேங்கில் படிந்த பிசினையும் அது கரைத்துக் கிளப்பிவிடும். மழைக்காலம் முழுவதும் வண்டியை நிறுத்தப் போகிறாய் என்றால் பாதி டேங்கோடு விடாதே. நிரப்பி வை, இல்லையென்றால் வடித்துவிடு.

மாற்றும் வேலை பெரிதில்லை. பம்பின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, வண்டி தானாக நிற்கும்வரை ஓடவிடு. ஹோஸில் அழுத்தம் இறங்கிவிடும். இன்ஜின் ஆறட்டும். பக்கத்தில் பீடி பிடிக்கிறவரை அனுப்பிவிடு. ஃபில்டரில் அம்புக்குறி இருக்கும், அது இன்ஜெக்டரைப் பார்த்து இருக்க வேண்டும். ஓ-ரிங்கைப் புதிதாகப் போடு, போடும்முன் விரல் நுனியால் அதில் கொஞ்சம் ஆயில் தடவு. மாட்டியதும் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை போட்டு எடு. பம்பு உறுமி நிற்கும். ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தபிறகு ஸ்டார்ட் செய்.

எப்போது மாற்றுவது என்று புத்தகத்தில் மணிக்கணக்கில் போட்டிருப்பார்கள். தூசியில் ஓட்டினால் அதற்கும் முன்பே மாற்று. கழற்றிய ஃபில்டரை மட்டும் தூக்கி எறிந்துவிடாதே. ஹாக்ஸா பிளேடால் அறுத்துப் பிரித்து, வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பார். செம்பழுப்பாக இருந்தால் டேங்கோ கேனோ துருப்பிடித்திருக்கிறது. மணல் நறநறத்தால் ஊற்றுகிற இடத்தில் கோளாறு. கறுப்புத் துணுக்குகள் விரலில் மை போல இழுத்தால் ஏதோ ஒரு ஹோஸ் உள்ளுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது. அப்போது புது ஃபில்டர் வாங்க வைத்திருந்த காசில் முதலில் ஹோஸை வாங்கு.