குரலும் சாட்சிதான்

"ஆளை நீங்க பார்க்கலையே, அப்புறம் எப்படி அவர்தான்னு சொல்றீங்க?"

புகார் கொடுக்க வரும் பார்வையற்றவர் எதிர்கொள்ளும் கேள்வி இது. காவல் நிலையத்துக்கு முன்பே வீட்டிலேயே இதைக் கேட்டுவிடுவார்கள். அத்துமீறுகிறவனின் தைரியமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 'அடையாளம் காட்டப்போவது யார்?' என்ற கணக்கு அவனுக்கு.

அந்தக் கணக்கு தப்பு என்று 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011இல் ஆந்திரப் பிரதேசத்தில் பிறவியிலேயே பார்வையற்ற 19 வயதுப் பெண் வன்கொடுமைக்கு ஆளான வழக்கு அது. குற்றவாளி அவளுடைய சகோதரர்களுக்குப் பழக்கமானவன், வீட்டுக்கு வந்து போகிறவன். அவன் குரல் அவளுக்குத் தெரியும். மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காக ஒருவருடைய சாட்சியத்தைத் தரம் குறைத்துப் பார்க்கக் கூடாது என்று நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு தீர்ப்பளித்தது. ஆயுள் தண்டனை உறுதியானது. குரல், நடையின் ஓசை, கையின் சொரசொரப்பு, பீடி நாற்றம் என்று பார்வையற்றவர் ஆளை அறியும் வழிகள் பல. புகாரில் அவற்றையெல்லாம் சொல்ல வேண்டும், எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

பார்வையற்றவருக்கு ஆபத்து என்றாலே இருட்டுச் சந்தும் முன்பின் தெரியாத ஆளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. (இருட்டு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது வேறு விஷயம்.) அந்த ஆந்திரப் பெண்ணின் வழக்கிலோ, வந்தவன் வீட்டுக்குத் தெரிந்தவன். சாலையைக் கடக்க உதவுவதாகக் கையைப் பிடித்தவர் அந்தப் பக்கம் போன பிறகும் விடாமலிருப்பது, தேர்வு எழுதித் தருகிறவர் அதற்கு விலை கேட்பது, விடுதிப் பொறுப்பாளரின் 'அன்பு' எல்லாம் உதவி என்ற பெயரில்தான் நெருங்குகின்றன. உதவி தேவைப்படுகிறவரால் உதவுகிறவரைப் பகைத்துக்கொள்ள முடிவதில்லை. நாளைக்கும் அவர் கையைத்தானே பிடிக்க வேண்டும்?

காயம் தெரியாத வன்முறையும் உண்டு. வெள்ளைக்கோலை ஒளித்து வைப்பார்கள். கோபத்தில் நாற்காலியை நடைவழியில் இழுத்துப் போட்டுவிட்டு, அவர் முட்டிக்கொண்டதும் சிரிப்பார்கள். வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பாதி மட்டும் படித்துக் காட்டுவார்கள். உதவித்தொகை கணக்கின் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் அண்ணனிடம் இருக்கும். திரையைப் படித்துச் சொல்லும் செல்போனைப் பிடுங்கிவிட்டால் வெளியுலகத்தோடு இருந்த தொடர்பு மொத்தமும் போயிற்று. "உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்ற ஒரே கேள்வியில் இத்தனையும் அடக்கம்.

இதெல்லாம் குடும்ப விவகாரம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 92ஆவது பிரிவு இவற்றுள் பலவற்றைக் குற்றம் என்கிறது. பொது இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது, பொறுப்பில் வைத்துக்கொண்டு சோறு தண்ணீர் கொடுக்காமலிருப்பது, உதவிக் கருவியைச் சேதப்படுத்துவது அல்லது பயன்படுத்த விடாமல் தடுப்பது ஆகியவற்றுக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. வெள்ளைக்கோலை ஒடித்துவிட்டுக் கடையில் இன்னொன்று வாங்கித் தந்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சொத்து விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம் சத்தமில்லாமல் நடக்கிறது. அப்பா இறந்து சில மாதங்களில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், "சும்மா ஒரு கையெழுத்து" என்று, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் வாங்கிவிடுவார்கள். பட்டதாரியாக இருந்தாலும் கைநாட்டுதான். அதே சட்டத்தின் 13ஆவது பிரிவுப்படி சொத்து வைத்துக்கொள்ளவும், பணத்தைத் தானே நிர்வகிக்கவும் பார்வையற்றவருக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு. ஒரு சொத்தில் தனக்கு ஆதாயம் இருப்பவர், அந்த விவகாரத்தில் மாற்றுத்திறனாளிக்கு உதவியாளராக இருக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. பங்கு கேட்கிற தம்பியே பத்திரத்தைப் படித்துக் காட்டினால் அது உதவியில் சேராது. ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கிய பத்திரத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். ஏமாற்று தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். காசோலைப் புத்தகம், ஏடிஎம், லாக்கர், இணைய வங்கிச் சேவை எதையும் பார்வையின்மையைக் காட்டி மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. ரகசிய எண் தன் கையிலேயே இருந்தால் பாதிச் சண்டை வராது.

சரி, யாரிடம் போவது? அவசரம் என்றால் 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இவை தவிர அதிகம் பேர் அறியாத வாசல் ஒன்று இருக்கிறது. 2016 சட்டத்தின் 7ஆவது பிரிவுப்படி நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர், வட்டாட்சியர் இருவருக்கும் அந்த அதிகாரம் உண்டு. பாதிக்கப்பட்டவரேதான் போக வேண்டும் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் ஆசிரியரும் பதிவுபெற்ற அமைப்பும் சொல்லலாம். வன்முறையை நிறுத்தவும், பாதிக்கப்பட்டவரை மீட்கவும், அவர் விரும்பினால் பாதுகாப்பான இடத்தில் தங்கவைக்கவும், பராமரிப்புக்கு வழிசெய்யவும் நடுவர் உத்தரவிடலாம். விடுதிச் சிறுவனோ சிறுமியோ பாலியல் கொடுமைக்கு ஆளானால் போக்சோ சட்டம் பொருந்தும். குழந்தையின் குறைபாட்டைப் பயன்படுத்திச் செய்த குற்றத்தை அது கடுமையான வகையில் வைத்திருக்கிறது. 'பள்ளிப் பெயர் கெட்டுவிடும்' என்று மூடி மறைக்கும் நிறுவனத் தலைவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு.

பாலியல் குற்றத்துக்கு ஆளான மாற்றுத்திறனாளிப் பெண் காவல் நிலையப் படியேற வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவுப்படி, அவருடைய வீட்டுக்கோ அவர் சொல்லும் இடத்துக்கோ காவலர் வந்துதான் புகாரைப் பதிய வேண்டும். அது வீடியோவிலும் பதிவாக வேண்டும். கைதானவரை மாற்றுத்திறனாளி அடையாளம் காட்டுவதை, அவருக்கு எளிதான முறையில், நீதித்துறை நடுவர் முன்னிலையில் நடத்த வேண்டும் என்கிறது 54ஆவது பிரிவு. மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

வாய்மொழிப் புகாரை எழுதி முடித்ததும், கொடுத்தவரிடம் படித்துக் காட்ட வேண்டும் என்பது எல்லோருக்குமான விதி. பிறகுதான் கையெழுத்து. நகலும் இலவசம். பேனாவைக் கையில் திணித்து, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினால் அவசரப்பட வேண்டாம். முதல் வரியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன அந்தக் குரல் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.